சொல்லிக்கொள்ளாமல்

அந்தத் தெருவில் எனக்கு வைத்திருந்த பெயர் 'லீவு சார்'. உண்மையில் லீவில் இருந்தவர் வேறொருவர். அவருக்குப் பதிலாகத் தினமும் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தவன்தான் நான். ஆனாலும் பெயர் என்னிடம்தான் ஒட்டிக்கொண்டது. மெஸ்காரர் ஆரம்பித்து வைத்தார். பிறகு துணி தேய்ப்பவர், சைக்கிள் கடைக்காரர், தபால்காரர் என்று தெரு முழுக்கப் பரவி, கடைசியில் மாணவர்களும் என் முதுகுக்குப் பின்னால் அப்படியே சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 'லீவ் வேக்கன்ஸி' என்பதைச் சுருக்கினால் அப்படித்தான் வரும் போலிருக்கிறது.

அறுபதுகளின் பிற்பகுதி அது. திண்டுக்கல்லில் ஒரு கல்லூரியில் தாவரவியல் விரிவுரையாளர் மஞ்சள் காமாலை கண்டு நீண்ட விடுப்பில் இருந்தார். அவர் திரும்பி வரும்வரை அந்த இடத்தைப் பார்த்துக்கொள்ள என்னைப் போட்டார்கள். தீபாவளி முடிந்த கையோடு போய்ச் சேர்ந்தேன். அதற்கு முன் மூன்று ஊர்களில் இதே பிழைப்புத்தான். ஓரிடத்தில் ஓர் அம்மாவின் பிரசவ விடுப்பு, இன்னோரிடத்தில் ஒருவர் மேல்படிப்புக்குப் போயிருந்தார், மூன்றாவதில் ஒருவருக்குக் கால் முறிவு. பிள்ளை பிறந்தது, படிப்பு முடிந்தது, கால் கூடியது. ஒவ்வொரு முறையும் நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேடசந்தூர்ப் பக்கம் இருந்த எங்கள் ஊருக்குத் திரும்பினேன்.

கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. மனைவி கைக்குழந்தையோடு அவள் அப்பா வீட்டில் இருந்தாள். வேலை நிரந்தரமானால் வீடு பார்த்து அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. வாரம் ஒரு கார்டு போடுவாள். பிள்ளை குப்புற விழுந்தது, தவழ்ந்தது, சுவரைப் பிடித்து நின்றது என்று எழுதிக்கொண்டே வந்து, கடைசி வரியில் வேலை என்ன ஆயிற்று என்று கேட்டிருப்பாள். அந்தக் கடைசி வரிக்குப் பயந்தே சில கார்டுகளை இரண்டு நாள் படிக்காமல் சட்டைப் பையில் வைத்திருந்திருக்கிறேன்.

ஆக, விஷயம் இதுதான். அந்த மனிதர் எழுந்து வந்தால் நான் மறுபடியும் பெட்டியைத் தூக்க வேண்டும். வராவிட்டால் அந்த நாற்காலி எனக்கு. இதை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, தெருவுக்கே தெரியும்.

தங்குவதற்குக் கல்லூரித் தெருவிலேயே ஓர் அச்சகத்துக்கு மேலே ஒற்றை அறை கிடைத்தது. எங்கள் ஊரில் ஒரு தீப்பெட்டி வாங்க ஒன்றரை மைல் நடக்க வேண்டும், பஸ் ஏற நாலு மைல். இங்கே எல்லாமே காலடியில் இருந்தன. மாடிப்படியை விட்டு இறங்கினால் மெஸ்ஸுக்கு நாற்பது எட்டு, தபாலாபீசுக்கு நூறு எட்டு, கல்லூரி வாசலுக்கு இருநூற்றுச் சொச்சம். சும்மா காலடியை எண்ணிப் பார்த்ததுதான். பூவைப் பிய்த்துப் பிய்த்து இதழ் எண்ணிப் பழகியவனுக்கு எதையும் எண்ணாமல் இருக்க முடியாது. முதல் வாரம் எனக்கு அந்தத் தெருவின் மேல் ஒரு மோகமே வந்துவிட்டது. சவரம் செய்துகொள்ள, செருப்பு தைக்க, மூக்குப்பொடி வாங்க, எதற்கும் செருப்பு தேய வேண்டாம். காலையில் எழுந்து பார்த்தால் மலைக்கோட்டை பனியில் மறைந்து, இருந்த இடமே தெரியாமல் இருக்கும். மாதா கோயில் மணி ஒரு பக்கம், பிள்ளையார் கோயில் ஒலிபெருக்கி மறுபக்கம். தோல் பதனிடும் ஷாப்புகளின் வாடை பனிக்கு மேலே எழும்ப முடியாமல் தரையோடு கிடக்கும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, சுடச்சுட காபித் தம்ளரை இரண்டு கையிலும் பிடித்தபடி, பட்டணத்துக்காரனாகிவிட்டேன் என்று பெருமைப்பட்டுக்கொண்டேன்.

எல்லாமே நடக்கிற தூரத்தில் இருந்தால் எதைவிட்டும் தள்ளிப் போக முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. அந்த நோயாளியின் வீடும் அதே தெருவில்தான் இருந்தது. என் படியிலிருந்து சரியாக அறுபது எட்டு. கல்லூரிக்குப் போகும்போது ஒரு தடவை, மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்து போகும்போது இரண்டு தடவை, சாயங்காலம் ஒரு தடவை என்று நாள் ஒன்றுக்கு நான்கு முறை அந்த வாசலைக் கடந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது. தெருவின் ஒரு பக்கம் வீடுகள், மறுபக்கம் ஒரு ஷாப்பின் நீளமான மதில். அவருடைய கயிற்றுக் கட்டிலை வெளிச்சத்துக்காக ஜன்னலை ஒட்டிப் போட்டிருந்தார்கள். நான் போவதும் வருவதும் அவருக்குத் தெரியும். கையைத் தூக்கிக் காட்டுவார். நானும் காட்டுவேன்.

தெருவில் எல்லோரும் அவரைப் பற்றி என்னிடம்தான் விசாரிப்பார்கள். அது ஏன் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மெஸ்காரர் இரண்டாவது இட்லியை வைக்கும்போதே தொடங்குவார். சாருக்குத் தேவலையாம் என்று சொன்னால் ஐயோ பாவம் என்பதுபோல் என்னைப் பார்ப்பார். அப்படியேதான் இருக்கிறது என்று சொன்னால் முகம் மலரும். ஒரு நாள், "அப்பப் பொங்கலுக்கும் இங்கனதான்னு சொல்லுங்க" என்றார், என் தோளைத் தட்டாத குறையாக. அவர் கெட்டவர் இல்லை. என் பக்கம் நின்று பேசுவதாக நினைத்துக்கொண்டார். நான்தான் மூன்றாவது இட்லியை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

போய்ச் சேர்ந்த நாலாவது நாளே மரியாதைக்கு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். நாற்பது வயதிருக்கும். மெலிந்த மனிதர், கண் இரண்டும் மஞ்சளாக இருந்தன. அவர் மனைவி பக்கத்துத் தெரு மாதா கோயில் பள்ளியில் டீச்சர். பிள்ளைகள் கிடையாது. வீட்டில் ஒரு திருஇருதயப் படமும், அதன் கீழே ஒரு சிறு விளக்கும், மூன்று அலமாரி நிறையப் புத்தகங்களும் இருந்தன. என்னை ஒரு எதிரியைப் போலப் பார்ப்பார்கள் என்று பயந்துகொண்டு போனேன். அவரோ நாலு நோட்டுப் புத்தகங்களை எடுத்து என் மடியில் வைத்தார். பதினைந்து வருடத்துப் பாடக்குறிப்பு. துறையில் இருக்கும் நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, ஒரு காகிதத்தை மடித்து அடியில் வைத்திருக்கிறேன், கூட்டுகிறவர் எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒன்று கேட்டார்.

"எல்லாத்தையும் நடத்துங்க. ஆமணக்குக் குடும்பத்த மட்டும் எனக்கு வச்சிருங்க. பொங்கல் கழிச்சு வந்து நானே நடத்துறேன். கீழாநெல்லி தின்னு பொழச்ச ஆளே கீழாநெல்லியப் பத்திச் சொன்னா பயலுக ஆயுசுக்கும் மறக்க மாட்டாங்க."

படிக்காதவர்களுக்கும் தெரியும், காமாலைக்குக் கீழாநெல்லி. வரப்போரம் முளைக்கும் சின்னச் செடி, இலைக்குக் கீழே கடுகு கடுகாகக் காய் வரிசையாகத் தொங்கும். பாடத்தில் அது ஆமணக்குக் குடும்பத்தில் வரும். அவருக்கு ஒரு நாட்டு வைத்தியர் அதைத்தான் அரைத்து மோரில் கலக்கி வெறும் வயிற்றில் குடிக்கச் சொல்லியிருந்தார், உப்பில்லாப் பத்தியத்தோடு. திண்டுக்கல்லைச் சுற்றி அந்தப் பனிக்காலத்தில் பச்சையாக எது தலைகாட்டினாலும் ஆடு மேய்ந்துவிடும். டீச்சர் வாசல்வரை என்னோடு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார். "ஒங்க ஊர்ப் பக்கம் கெணத்து வரப்புல நெறையக் கெடக்கும்னாங்களே சார்?"

கிடக்கும், கொண்டுவருகிறேன் என்று சொன்னேன். வேறென்ன சொல்வது?

அன்றிலிருந்து வாராவாரம் சனிக்கிழமை ஊருக்குப் போய், ஞாயிறு சாயங்காலம் ஈரத் துணியில் சுற்றிய கீழாநெல்லிக் கட்டோடு திரும்புவது வழக்கமாயிற்று. முதல் வாரம் என் அம்மா, "யாருக்கு அப்பு?" என்று கேட்டாள். சொன்னேன். அவரு எந்திரிச்சு வந்துட்டா ஒனக்கு வேலை என்று இழுத்தாள். மறுபடி இங்கிட்டுத்தான் என்றேன். அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சரி, மண்ணு ஒட்டாம நல்லதாப் பறிக்கிறேன்" என்று வரப்புக்கு இறங்கினாள். அவளுக்கு இருந்த துப்பு எனக்கு இருந்ததில்லை.

கிறிஸ்துமஸ் நெருங்கியபோது தெருவில் வீட்டுக்கு வீடு நட்சத்திர விளக்கு ஏறியது. மூங்கில் சிம்பில் வண்ணக் காகிதம் ஒட்டி, உள்ளே பல்பு வைத்தது. அந்த நோயாளியின் வீட்டில் மட்டும் இல்லை. வருடா வருடம் அவர்தான் கட்டுவாராம். டீச்சர் கேட்டுக்கொண்டதால் நான் ஸ்டூலில் ஏறிக் கட்டினேன். அவர் ஜன்னலுக்குள்ளிருந்து, இன்னும் கொஞ்சம் இடது, இன்னும் கொஞ்சம் மேலே என்று அதிகாரம் பண்ணிக்கொண்டிருந்தார். கட்டி முடித்து இறங்கி உள்ளே போய்ப் பார்த்தேன். அவர் கண் வெளுத்திருந்தது. மஞ்சள் விலகி, ஓரத்தில் மட்டும் இலேசாக நின்றது. டீச்சர் அன்றைக்கு அதிரசமும் முறுக்குமாக ஒரு தட்டு நிறைய வைத்தார். "அவுகளுக்கு இப்ப ரெம்பத் தேவல சார், எல்லாம் நீங்க கொண்டாந்த எலைதான்" என்றார்.

அன்று இரவு நான் மெஸ்ஸுக்குப் போகவில்லை. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன். ஒரு மனிதன் பிழைத்து வருகிறான் என்று கேட்டு அதைக் கெட்ட செய்தியாக எடுத்துக்கொள்பவன் என்ன ஜன்மம்? அவர் சாக வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை, சத்தியமாக இல்லை. இன்னும் ஆறு மாதம் படுத்திருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். அல்லது வேறு பெரிய ஊரில் நல்ல வேலையாகக் கிடைத்து அவர் போய்விடட்டும் என்று நினைத்தேன். ஒரு மனிதரைக் குணமாக்கவும் வேண்டும், குணமாகவும் கூடாது. இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு நான் என்னதான் செய்வது? கீழாநெல்லியைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, மறுநாள் அவர் கண்ணை உற்றுப் பார்த்துக்கொண்டு இருந்தேன். கையாலாகாதவன் என்று சொல்வார்களே, அது நான்தான்.

தை பிறக்க ஒரு வாரம் இருந்தது. கல்லூரி முதல்வர் கூப்பிட்டனுப்பினார். பொங்கல் விடுமுறை முடிந்ததும் தேர்வு, பாடத்தில் என்ன மிச்சம் என்று கேட்டார். ஆமணக்குக் குடும்பம் ஒன்றுதான் என்றேன். ஏன் நிற்கிறது என்றார். அவர் வந்து நடத்துவதாகச் சொல்லியிருக்கிறார் என்றேன். முதல்வர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வரும்போது வரட்டும், பரீட்சை யாருக்காகவும் காத்திருக்காது, திங்கட்கிழமை முதல் மணியில் நடத்திவிடுங்கள் என்றார். நான் லீவு சார். இல்லை, முடியாது என்று சொல்ல எனக்கு என்ன இருக்கிறது?

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து வந்த பஸ் வழியில் நின்று நின்று, நான் தெருவுக்குள் நுழையும்போது நன்றாக இருட்டிவிட்டது. பனிக்காக அவர்கள் கதவைச் சாத்தியிருந்தார்கள். தட்டியிருக்கலாம். உறங்குகிறவரை எழுப்ப வேண்டாம், காலையில் கொடுத்துக்கொள்ளலாம் என்று கீழாநெல்லிக் கட்டை அறைக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து வைத்தேன். அம்மா அந்த முறை நிறையவே பறித்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை கட்டைக் கையில் எடுத்துக்கொண்டுதான் படி இறங்கினேன். பாடத்துக்கு மாதிரிச் செடி வேண்டும் என்று ஆய்வக உதவியாளரிடம் சொல்லியிருந்தேன். அவர் மெஸ் வாசலில் வழிமறித்தார். மைதானம் முழுக்கத் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை, எல்லாம் ஆடு மேய்ந்துவிட்டது என்று கையை விரித்தார். என் கையில் இருந்த கட்டை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். அப்போது முதல் மணி அடித்தது. நோயாளியின் வீட்டு வாசலுக்கு வந்தேன். ஜன்னல் சாத்தியிருந்தது. ஒரு பிடி மட்டும் வகுப்புக்கு எடுத்துக்கொண்டு மிச்சத்தை மத்தியானம் கொடுத்துவிடலாம் என்று எண்ணிக்கொண்டு, நிற்காமல் நடந்தேன்.

வகுப்பில் நாற்பத்திரண்டு பேர். ஆளுக்கொரு கிளை கொடுக்காமல் எப்படி? கீழே திருப்பிப் பாருங்கள் என்றேன். நாற்பத்திரண்டு கையும் ஒரே சமயத்தில் இலையைத் திருப்பின. நகத்தால் காயைக் கீறச் சொன்னேன், அறைகள் மூன்று தெரிகிறதா என்று கேட்டேன். பின்பெஞ்சில் உறங்கி வழிகிறவன்கூட லென்சுக்காகப் பக்கத்தில் இருந்தவனோடு மல்லுக்கு நின்றான். அவருடைய நோட்டில் இருந்த வரிசையிலேயே நடத்தினேன். என் வாழ்நாளில் நான் நடத்திய மிகச் சிறந்த வகுப்பு அதுதான். மணி அடித்ததும் மேசையைப் பார்த்தேன். கீறிப் போட்ட காம்பும், உதிர்ந்த இலையும், ஈரத் துணியும் கிடந்தன. முழுசாக ஒரு செடிகூட மிஞ்சவில்லை. மாணவர்கள் இன்னொன்று, இன்னொன்று என்று கேட்டு வாங்கியபோது நான்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். வகுப்பு நன்றாகப் போகிறதே என்ற மிதப்பில் அது எனக்கு உறைக்கவே இல்லை.

மத்தியானம் அந்த ஜன்னலைத் தலை குனிந்து கடந்தேன். சாயங்காலம் டீச்சர் வாசலிலேயே நின்றிருந்தார், நேற்று வரவில்லையே என்று பார்த்தேன் சார், உள்ளே வாங்க, உங்களைத்தான் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள் என்றார். என் இரண்டு கையும் வெறுமையாக இருந்ததை அவர் பார்த்ததாகத் தெரிந்தது.

அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னவோ ஒரு பொய்யைத் தயார் பண்ணிக்கொண்டு போயிருந்தேன். அம்மாவுக்குக் காய்ச்சல், பறிக்க ஆளில்லை என்று சொல்வதாக உத்தேசம். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் என் கையைப் பிடித்து விரலைத் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணெல்லாம் பச்சை. கழுவியும் போகவில்லை. தாவரவியல்காரருக்கு அதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்?

"நடத்திட்டீங்க போல" என்றார்.

முதல்வர் சொன்னார் என்று ஏதோ உளறினேன். அவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "கடைசிப் பெஞ்சுப் பயலுகளுக்கும் காய் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டார்.

தெரிந்தது என்று தலையாட்டினேன்.

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு என் கையை விட்டார். கோபித்துக்கொண்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். போர்வையை இழுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

நான் எழுந்தேன். ஒரு வீட்டைவிட்டுக் கிளம்பும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லிக்கொள்வது நம் பக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி. வெறுமனே 'போறேன்' என்று யாரும் சொல்வதில்லை. சின்னப்பிள்ளைகூட வாரேன் என்றுதான் சொல்லும். அந்தச் சொல் என் நாக்குவரை வந்துவிட்டது. வாரேன். எங்கே வருகிறேன்? இந்த மனிதரின் நாற்காலிக்கா? அவருடைய பாடத்தை எடுத்தாயிற்று, அவருடைய மருந்தை எடுத்தாயிற்று, இன்னும் எதற்கு வருகிறேன்? அந்த ஒரு சொல் அன்றைக்கு எனக்கு அவ்வளவு அசிங்கமாகப் பட்டது. அதை விழுங்கிவிட்டு, வாயைத் திறக்காமல் வெளியே நடந்தேன்.

வாசலில் டீச்சர் அரிக்கேன் விளக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் படியைத் தாண்டியதும், "என்ன சார், சொல்லிக்காமப் போறீக" என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார். கேட்ட பிறகுதான் அவருக்கும் அது என்னவென்று உறைத்தது. எனக்கும் உறைத்தது. இந்துவோ கிறிஸ்தவரோ, சொல்லிக்கொள்ளாமல் கிளம்புகிற வீடு ஒன்றே ஒன்றுதான். அது சாவு வீடு. டீச்சரின் கை கண்ணாடிக்குள்ளேயே நின்றுவிட்டது.

மூன்று எட்டுத் திரும்பிப் போய் அந்த இரண்டு சொல்லைச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். மறந்துட்டேன் டீச்சர் என்று சிரித்திருந்தாலும் போதும். திரும்பிப் போய்ச் சொன்னால் நான் என்ன செய்துவிட்டேன் என்று நானே ஒத்துக்கொண்டதாகிவிடும் என்று பட்டது. 'ம்' என்று எதையோ முனகிவிட்டு நடந்தேன். முதுகுக்குப் பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்கும் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. நான் அறைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தபோதும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.

பொங்கலுக்கு ஊருக்குப் போய் இரண்டு மடங்கு கீழாநெல்லி கொண்டுவந்தேன். டீச்சர் வாங்கிக்கொண்டார். அது அரைபடாமல் ஜன்னல் திட்டிலேயே கிடந்து காய்ந்ததை நான்கு நாள், நாளைக்கு நாலு தடவை பார்த்துக்கொண்டு போனேன். வேறு வைத்தியம் பார்ப்பதாக மெஸ்காரர் சொன்னார். கண்ணில் மஞ்சள் திரும்பிவிட்டதாம், வயிறு ஊதிவிட்டதாம். பிறகு ஒரு காலையில் வாடகைக் கார் பிடித்து மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஜன்னல் மூடிக் கிடந்தது. அதைக் கடக்கும்போது என் கை தானாகவே மேலே எழுந்து பாதியில் இறங்கும்.

ஒரு வாரத்துப் பச்சிலை தவறியதால் ஒருவர் செத்துப்போக மாட்டார். ஈரல் அதற்கு முன்பே கெட்டிருக்க வேண்டும். டிசம்பரில் கண் வெளுத்ததும் இலையால் இல்லாமல் இருந்திருக்கலாம். நான் படித்தவன், இதெல்லாம் எனக்குத் தெரியும். அந்த நாட்களிலும் எனக்கு நானே இதைத்தான் சொல்லிக்கொண்டேன், இப்போதும் சொல்லிக்கொள்கிறேன். டீச்சரிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அவர் என்னைக் குற்றம் சொல்லவே இல்லையே. தெருவில் ஒருவரிடமும் அவர் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. விட்டிருந்தால் மறுநாளே மெஸ்காரர் வாயில் வந்திருக்கும்.

தை கடைசியில் அவரைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆஸ்பத்திரியில் இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்களாம். இரண்டாம் நாள் மத்தியானம், நான் வகுப்பில் இருக்கும்போது, மாதா கோயில் மணி விட்டு விட்டு அடித்தது. அந்தத் தெருவில் அதற்கு விளக்கம் யாரும் சொல்லத் தேவையில்லை. மாணவர்கள் எழுந்து நின்றார்கள். நான் சாக்பீசைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

மறுநாள் அடக்கம். கல்லறைத் தோட்டமும் நடக்கிற தூரம்தான். கல்லூரியே திரண்டு வந்திருந்தது. மண் போட்டுவிட்டுத் திரும்பும்போது முதல்வர் என் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, இனி நீங்கள் இங்கேயே தொடரலாம், காகிதம் நாளைக்குத் தயாராகிவிடும் என்றார். என் செருப்பில் இன்னும் அந்த மண் இருந்தது. சரி சார் என்றேன். மூன்று வருடமாக எந்த வார்த்தைக்குக் காத்திருந்தேனோ அந்த வார்த்தை. மனசுக்குள் ஒரு துளி சந்தோஷம் வந்ததை என்னால் தடுக்க முடியவில்லை. மனைவிக்குக் கார்டு போட வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டேன், அங்கேயே, சிலுவைகளுக்கு நடுவில்.

அந்த நாற்காலியில்தான் ஓய்வுபெறும்வரை உட்கார்ந்திருந்தேன். குட்டைக் காலுக்கு அடியில் அவர் மடித்து வைத்த காகிதத்தை எடுக்கவே இல்லை. வீட்டை மட்டும் ஊரின் மறுகோடியில் பார்த்தேன், சைக்கிளில் பின்வாசல் வழியாகச் சுற்றிக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். கல்லூரிப் பக்கமே பார்த்திருந்தால் நடந்தே போய் வரலாமே என்று மனைவி கேட்டாள். அங்கே தண்ணீர் உப்பு என்று சொன்னேன். திண்டுக்கல்லில் எங்கே தண்ணீர் உப்பில்லை என்று அவள் கேட்கவில்லை.

அதெல்லாம் பிறகு. அன்று கல்லறையிலிருந்து எல்லோரும் வீட்டுக்கு வந்தோம். வாசலில் வைத்திருந்த அண்டாத் தண்ணீரில் கால் கழுவினோம். ஆட்கள் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போய், டீச்சர் முன்னால் ஒரு கணம் நின்று, பேசாமல் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்திருந்தார்கள். கிறிஸ்துமஸுக்கு நான் கட்டிய நட்சத்திரத்தை யாரும் இறக்கியிருக்கவில்லை, காகிதம் வெளுத்துத் தொங்கியது. டீச்சர் தரையில், கட்டில் கிடந்த இடத்தை ஒட்டி உட்கார்ந்திருந்தார். என் முறை வந்தது. எனக்கு முன்னால் மெஸ்காரர் நின்றார். கும்பிட்டார், வாயைத் திறக்காமல் நகர்ந்தார். நான் நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும், எப்படியாவது அவரிடம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அன்று விழுங்கிய சொல் அதுவாகவே வெளியே வந்துவிட்டது.

"போயிட்டு வாரேன் டீச்சர்."

கூடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மெஸ்காரர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். சாவு வீட்டில் யாராவது வாரேன் என்று சொல்வார்களா?

டீச்சர் தலையைத் தூக்கினார். அழுது அழுது குரல் கட்டியிருந்தது. என்னைத் தவிர யாருக்கும் விளங்காத ஒன்றை, மெதுவாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளையிடம் தப்பைக் காட்டுவதுபோலச் சொன்னார்.

"அன்னைக்குச் சொல்லிருக்கலாம் சார்."

நான் படியிறங்கினேன். என் அறைக்கு அங்கிருந்து அறுபது எட்டுத்தான். அன்று எண்ண முடியவில்லை.